காற்றறிந்து இறங்குதல்

தமிழர் காற்றுக்குப் பெயரிட்டபோது, அது எத்திசையினின்று வருகின்றது என்பதையே கருதினர். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றனர். தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. களத்தில் நெல் தூற்றுவோனுக்கும், பாய் விரித்துக் கலம் செலுத்துவோனுக்கும் காற்று போகும் திசையைவிட அது வரும் திசையே முதற்கண் வேண்டும் செய்தியாகும். இன்று விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்ந்து, இறங்க வரும் விமானிக்குக் காற்றின் நிலையைக் கூறுவோரும் இம்முறையையே கையாளுகின்றனர். ‘250 பாகை, 20 நாட்’ என்று அவர் கூறின், மேற்கிற்குச் சற்றுத் தெற்கேயிருந்து, மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் விரைவில் காற்று வீசுகின்றது என்பது பொருள். வடக்கைத் தொடக்கமாகக் கொண்டு வலமாகச் சுற்றி எண்ணினால், கிழக்கு 90 பாகை, தெற்கு 180 பாகை, மேற்கு 270 பாகை என அமையும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் விரைவு. கடலோடிகளின் அளவை வானோடிகளும் தமதாக்கிக் கொண்டனர்.

விமானம் இறங்கும் ஓடுபாதைக்கும் இக்கணக்கின்படியே பெயர் அமைகின்றது. பாதை நோக்கும் திசையைப் பாகையில் அளந்து, இறுதி எண்ணை விடுத்து, எஞ்சியதைப் பாதையின் தலைப்பில் பெரிய வெள்ளை எண்களாகத் தீட்டுவர். சென்னை மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதைக்கு ஒருமுனையில் 07 என்றும், மறுமுனையில் 25 என்றும் பெயர். பாதை ஒன்றே, கிழக்கு நோக்கி இறங்குவோனுக்கு அது 07, மேற்கு நோக்கி இறங்குவோனுக்கு அது 25. தென்மேற்குப் பருவத்தில் மேலைக்காற்று வீசுங்கால் விமானங்கள் மேற்கு நோக்கி இறங்கும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று நகருக்குள் புகுந்தவுடன் எல்லாம் தலைகீழாகும். கிழக்கு நோக்கி இறங்க வேண்டியதாகும்.

காற்றை எதிர்கொண்டே இறங்க வேண்டும் என்பதைக் காகமும் அறியும். கூரையின்மேல் அமர வரும் காகத்தை உற்று நோக்கினால், அது சுற்றி வந்து காற்றுக்கு முகம் காட்டிய பின்னரே கால்களை நீட்டுவதைக் காணலாம். விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கைகளின்மேல் பாயும் காற்றேயன்றித் தரையைக் கடக்கும் விரைவன்று. நடுத்தரமான ஒரு பயணி ஜெட் விமானம் இறங்குங்கால் அதன் இறக்கைகளுக்கு மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் விரைவிற் காற்று வேண்டும். எதிரே 40 கிலோமீட்டர் விரைவிற் காற்று வீசுமாயின், தரையைப் பொறுத்து விமானம் 210 கிலோமீட்டர் விரைவிற் சென்றாற் போதும். சக்கரம் தரையைத் தொட்ட பின் நிறுத்துவதும் அவ்வளவுக்கு எளிதாகும். அதே காற்று பின்னிருந்து வீசினாலோ, 290 கிலோமீட்டர் விரைவில் தரையைத் தொட நேரும். ஓடுபாதை நீளுமா? நீளாது.

ஆனால் காற்று பாதையின் நேர்க்கோட்டில்தான் வரவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. பக்கவாட்டில் வீசும் காற்றே விமானிக்கு நாள்தோறும் நேரும் சோதனையாகும். ஆற்றைக் கடக்கும் தோணிக்காரன் என்ன செய்கின்றான்? எதிர்க்கரையில் தான் சேர வேண்டிய துறைக்கு நேரே தோணியின் முகத்தை வைப்பதில்லை. துறைக்கு மேலே, நீர் வரும் பக்கமாக முகத்தைத் திருப்பித் துடுப்பிடுகின்றான். ஆறு அவனைக் கீழே தள்ள, அவன் மேலே முயல, தோணி சாய்வாக நின்றபடியே நேராகச் சென்று துறையை அடைகின்றது. விமானியும் அவ்வாறே செய்கின்றார். மணிக்கு 60 கிலோமீட்டர் பக்கக் காற்று வீசுங்கால், 250 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் விமானத்தின் மூக்கு ஏறத்தாழ 14 பாகை காற்றுப் பக்கம் திரும்பியிருக்கும். இதனை நண்டு நடை என்பர் விமானிகள். மிகவும் பொருத்தமான பெயர். அத்தகைய நாளில், சாளரத்தோரம் அமர்ந்த பயணி தமக்குப் பக்கத்தில் ஓடுபாதையைக் கண்டு திடுக்கிடுதல் உண்டு. விமானம் வழி தவறிவிட்டது என்றும் எண்ணுவர். வழி தவறவில்லை, மூக்கு ஒரு திசையிலும் பயணம் ஒரு திசையிலுமாக அது சரியாகவே வந்துகொண்டிருக்கின்றது.

தோணிக்கும் விமானத்திற்கும் வேறுபாடு தோன்றுவது துறையை அடையும் பொழுதில்தான். தோணி கரையிற் சாய்வாக முட்டினாலும் குற்றமில்லை. பல டன் எடையுள்ள விமானமோ, நேரே உருளும் சக்கரங்களின்மேல் இறங்க வேண்டும். சாய்ந்த நிலையிலேயே தரையைத் தொட்டால் சக்கரங்கள் பக்கவாட்டில் தேய்ந்து முறுக்கப்படும். ஆகவே தரைக்கு மேலே சில அடிகளே எஞ்சியிருக்கும்போது, விமானி காலால் சுக்கானை மிதித்து மூக்கைப் பாதைக்கு நேராக்குகின்றார். அக்கணமே வேறொரு தொல்லை எழுகின்றது. ஜெட் விமானத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தவை. மூக்கு திரும்புங்கால் காற்றுப் பக்கத்து இறக்கை மிகுதியான காற்றைப் பெற்று மேலே எழ முயலும். அதனைக் கீழே அழுத்திப் பிடிப்பது கையின் வேலை. கால் ஒன்று சொல்ல, கை ஒன்று செய்ய, இரண்டும் இரண்டு மூன்று விநாடிகளுக்குள் ஒத்திசைய வேண்டும். மிகவும் அழுத்தினாலோ, இறக்கையின் கீழே தொங்கும் எந்திரம் தரையில் உரசும். வீணை வாசிப்போருக்கு இத்தகைய கையமைதி வாய்ப்பதுண்டு. ஆயின் அவர் பிழைத்தால் சுருதி மட்டுமே கெடும்.

காற்று ஒரே சீராக வீசுமாயின் இவையெல்லாம் பழகிய கைக்கு எளியனவே. சீரற்று வீசுவதே இடர். ஒரு நொடி தணிந்து, மறுநொடி சீறி வரும் வீச்சுகளைக் கருதி, விமானி தம் விரைவோடு ஓரளவு கூட்டிக் கொள்கின்றார். அளவு மிஞ்சினால் பாதையின் பெரும்பகுதி கழிந்த பின்னரே சக்கரம் தரையைத் தொடும். மழை நாளில் அது வேறொரு கேட்டுக்கு வழியாகும்.

ஒவ்வொரு வகை விமானத்தையும் பயணிகளுக்கு விடுமுன், சோதனை விமானிகள் அதனைப் பக்கக் காற்றில் இறக்கிக் காட்டுதல் முறை. ஏர்பஸ் 320 என்னும் விமானத்திற்கு அவ்வாறு காட்டப்பட்ட அளவு 33 நாட். இடையிடையே 38 நாட் வரை வீச்சு. இஃது அந்த விமானம் தாங்கும் எல்லை என்பது பொருளன்று. இதற்கு மேல் எவரும் செய்து காட்டவில்லை என்பதே பொருள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றும். 2008-ஆம் ஆண்டு ஜெர்மனியில் அது பெரிதாயிற்று.

அவ்வாண்டு மார்ச்சு முதல் நாள், ‘எம்மா’ எனப் பெயரிடப்பட்ட புயற்காற்று ஐரோப்பாவின்மேல் வீசிற்று. மியூனிக் நகரிலிருந்து 130-க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஒரு ஏர்பஸ் 320 ஹாம்பர்க் நகரை அடைந்தது. இறங்கவிருந்த பாதை 23. காற்றோ 300 பாகையிலிருந்து 33 நாட் விரைவில், 47 நாட் வரை வீச்சுடன் வந்தது. பாதைக்கும் காற்றுக்கும் இடையே 70 பாகைக் கோணம். ஏறக்குறைய முழுக்காற்றும் வலப்பக்கத்திலிருந்தே அடித்தது எனலாம். விமானம் நண்டு நடையில் வந்து, மூக்கை நேராக்கி, இடச் சக்கரத்தைத் தரையில் ஊன்றியது. அவ்வளவில் வலது இறக்கை மேலே தூக்கப்பட்டு, இடது இறக்கையின் நுனி ஓடுபாதையில் உரசியது. விமானி அக்கணமே இறங்கும் எண்ணத்தை விட்டார். எந்திரங்களை முழு வலிவில் முடுக்கி மீண்டும் வானில் எழுந்தார். சுற்றி வந்து, பாதை 33-இல் இரண்டாம் முறை இறங்கினார். அப்பாதைக்கும் காற்றுக்கும் இடையே 30 பாகையே வேறுபாடு. இறக்கை நுனி சிதைந்ததைத் தவிர எவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

பின்னர் நிகழ்ந்த விசாரணை ஒரு நுட்பத்தை வெளிப்படுத்தியது. ஒரு சக்கரம் தரையைத் தொட்டவுடன், விமானம் தரைக்கு வந்துவிட்டது எனக் கணிப்பொறி கொண்டு, இறக்கைகளைச் சாய்க்கும் ஆற்றலைப் பாதியாகக் குறைத்துவிட்டது. விமானம் உண்மையில் தரையிலும் இல்லை, வானிலும் இல்லை. அந்த இடைநிலையைக் கருவி அமைத்தோர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

பக்கக் காற்றைத் தோணிக்காரன் உவமையால் விளக்கிவிடலாம். மேலிருந்து விழும் காற்றுக்கு உவமை தேடுவது அரிது. காற்று விழுமா என்று மாணவர் வினவலாம். விழும்.

இடிமேகத்தினுள் பெருமழை உருவாகிக் கீழே பெய்யுங்கால், அந்நீர் தன்னைச் சூழ்ந்த காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்குகின்றது. வழியிலே நீர்த்துளிகள் ஆவியாவதால் காற்று குளிர்ந்து, எடை மிகுந்து, மேலும் விரைந்து விழுகின்றது. தரையை அடைந்தபின் அது செல்ல வேறிடமின்றி, தளத்திற் கொட்டிய குடத்து நீர்போல் நாற்புறமும் சிதறிப் பாய்கின்றது. அப்பாய்ச்சலின் அகலம் நான்கு கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். கடுமை நீடிப்பது சில நிமிடங்களே. இதனை ஆங்கிலத்தில் ‘மைக்ரோபர்ஸ்ட்’ என்பர். வீழ்காற்று என்று தமிழில் வழங்கலாம்.

இவ்வீழ்காற்றின் ஊடே தாழ்வாகப் பறந்து வரும் விமானத்திற்கு நேர்வது யாது? முதலில் எதிர்க்காற்று பெருகும். இறக்கைகளுக்கு வேண்டியதினும் மிகுதியான காற்று கிடைக்கும். விமானம் உரிய வழியினின்று மேலே எழும். விரைவுமானியின் முள் ஏறும். இங்கே காற்று உதவி செய்வதுபோல் தோன்றுகின்றது. விமானி விரைவு மிகுந்ததாகக் கருதி எந்திரத்தைத் தணிப்பார். மூக்கையும் சிறிது தாழ்த்துவார். சில விநாடிகளில் விமானம் நடுப்பகுதியை அடையும். அங்கே காற்று அதனைக் கீழே அழுத்தும். உடனே மறுபுறம் வரும்; அங்கே காற்று பின்னிருந்து வீசும். சற்றுமுன் வாரி வழங்கிய எதிர்க்காற்று முழுவதும் பறிக்கப்பட்டு, அதற்கு மேலும் பறிக்கப்படும். எந்திரமோ தணிந்து கிடக்கின்றது. ஜெட் எந்திரம் தணிந்த நிலையிலிருந்து முழு வலிவை அடைய எட்டு விநாடி வரையும் ஆகலாம். பழைய விமானங்களில் சுழலிகள் இறக்கையின்மேலேயே காற்றை வாரி வீசியமையால், முடுக்கியவுடன் தாங்கும் ஆற்றல் கிட்டியது. ஜெட் விமானத்திற்கு அத்துணை இல்லை. தரை 300 அடி கீழே இருக்கும்போது எட்டு விநாடி என்பது மிக நீண்ட காலம்.

1975-ஆம் ஆண்டு சூன் 24-ஆம் நாள் நியூயார்க் நகரின் கென்னடி விமான நிலையத்தில் இது நிகழ்ந்தது. இறங்கும் வழியின்மேல் இடிமேகம் ஒன்று வந்து நின்றது. சரக்கு விமானம் ஒன்று அரும்பாடுபட்டு இறங்கியது. அதன் விமானி, காற்று மிகவும் கொடிதாக மாறுகின்றது என்றும் பாதையை மாற்ற வேண்டும் என்றும் கோபுரத்திற்கு அறிவித்தார். அதன்பின் வந்த பயணி விமானம் ஒன்று இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே எழுந்து சென்றது. ஆயினும் தரையில் இருந்த காற்றுமானியில் காற்று மென்மையாகவும், பாதைக்கு நேராகவுமே காட்டியது. கருவி பொய் சொல்லவில்லை; அது நின்ற இடத்தில் காற்று அவ்வாறே இருந்தது. ஒரு கல் தொலைவில் வேறாக இருந்தது. பாதை மாற்றப்படவில்லை. நியூ ஆர்லியன்சிலிருந்து வந்த போயிங் 727 பாதைக்கு முன்னரே தாழ்ந்து, வழிகாட்டும் விளக்குக் கம்பங்களில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 124 பேரில் 113 பேர் இறந்தனர்.

இவ்விபத்தின் காரணத்தை ஆராய்ந்தவர் டெட்சுயா புஜிட்டா என்னும் ஜப்பானிய அறிஞர். 1920-இல் பிறந்த இவர், 1945-இல் கியூசூ தீவில் கொக்குரா என்னும் ஊருக்கு அருகே ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் இரண்டாம் அணுகுண்டுக்குக் குறிக்கப்பட்ட ஊர் கொக்குராவே. மேகமும் புகையும் ஊரை மறைத்தமையால் விமானம் நாகசாகிக்குத் திரும்பிற்று. பின்னாளில் மேகத்தையும் புயலையும் ஆராய்வதற்கென்றே வாழ்ந்த ஒருவரை அன்று மேகமே காத்தது என்பது வியப்பிற்குரியதே. அதற்கு ஈடாக நாகசாகி கொடுத்த விலையை எண்ணினால் அவ்வியப்பைப் பேசவும் நாக் கூசும். குண்டு வீழ்ந்த சில வாரங்களுக்குப் பின் புஜிட்டா அவ்வூருக்குச் சென்று அழிவை அளந்தார். குண்டு வெடித்த இடத்திற்கு நேர்கீழே நின்று நோக்கின், மரங்களும் கம்பங்களும் அவ்விடத்தினின்று நாற்புறமும் வெளிநோக்கிச் சாய்ந்திருந்தன. சூரியனை வரையும் சிறுவர் தீட்டும் கதிர்களைப்போல் அவை கிடந்தன.

1953-இல் அவர் அமெரிக்கா சென்று சிக்காகோ பல்கலைக் கழகத்தில் பணியாற்றத் தொடங்கினார். 1974 ஏப்பிரலில் அந்நாட்டின் பல மாநிலங்களைச் சூறைக்காற்றுகள் சூறையாடின. விமானத்தில் ஏறி அழிவைப் பார்வையிட்ட புஜிட்டா, ஒரு காட்டில் மரங்கள் விழுந்திருந்த முறையைக் கண்டு நின்றுவிட்டார். சூறைக்காற்றில் மரங்கள் சுழன்று விழும். இவை நாற்புறமும் வெளிநோக்கி விழுந்திருந்தன. முப்பது ஆண்டுக்கு முன் நாகசாகியில் கண்ட அதே கதிர்கள்! மேலிருந்து ஏதோ ஒன்று விழுந்து சிதறியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். மறுஆண்டு நியூயார்க் விபத்தின் பதிவுகள் அவரிடம் வந்தபோது, விமானம் முதலில் தூக்கப்பட்டுப் பின்னர் அழுத்தப்பட்ட முறை அவருக்கு விளங்கிற்று.

புலவர் பலர் இதனை ஒப்பவில்லை. மேகத்திலிருந்து கீழே வரும் காற்று தரையை அணுகுமுன்னே வலுவிழந்துவிடும் என்பது அவர் துணிபு. புஜிட்டா வாதிட்டுக்கொண்டிராமல் அளக்கப் புறப்பட்டார். 1978-இல் சிக்காகோவுக்கு அருகிலும், 1982-இல் பிறரோடு சேர்ந்து டென்வருக்கு அருகிலும், டாப்ளர் ராடார் என்னும் கருவிகளை நிறுவினார். புகைவண்டி நெருங்கி வரும்போது அதன் ஊதலொலி கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது தணிந்தும் கேட்பதை யாவரும் அறிவர். அவ்விதியைக் கொண்டு, மழைத்துளிகள் கருவியை நோக்கி வருகின்றனவா, விலகிச் செல்கின்றனவா, எவ்வளவு விரைவில் என்பதை இந்த ராடார் கண்டு கூறும். மேகத்தின் கீழே ஒரு பக்கத்துக் காற்று நெருங்கி வர, மறுபக்கத்துக் காற்று விலகி ஓடுவதைத் திரையிற் கண்டபோது ஐயம் தீர்ந்தது. வீழ்காற்று இருந்தது மட்டுமன்று; எவரும் எண்ணியதினும் மிகுதியாக இருந்தது.

அறிவு தோன்றியவுடனே உயிர்கள் காக்கப்பட்டுவிடுவதில்லை. 1985 ஆகஸ்டு 2-ஆம் நாள், டல்லாஸ் நகரில் இறங்க வந்த பெரிய விமானம் ஒன்று பாதைக்கு முன்னே நின்ற மேகத்தின் அடியிற் புகுந்தது. அதற்கு முன் சென்ற சிறு விமானம் அதே வழியில் இறங்கிவிட்டிருந்தது. ‘முன்னவர் இறங்கினார், நாமும் இறங்குவோம்’ என்று எண்ணுவது மனித இயல்பே. ஆனால் வீழ்காற்றின் ஆயுள் சில நிமிடங்கள். முன்னவர் கண்ட காற்று பின்னவருக்கு இல்லை. எதிர்க்காற்று பெருகியது, எந்திரம் தணிக்கப்பட்டது, பிறகு காற்று பறிபோயிற்று. விமானத்தில் வந்தோரும், நெடுஞ்சாலையில் காரிற் சென்ற ஒருவருமாக 137 பேர் மாண்டனர்.

இதன்பின் மாற்றங்கள் விரைந்து வந்தன. காற்று திடீரென மாறுவதை உணர்ந்து எச்சரிக்கும் கருவிகளை விமானங்களில் பொருத்த வேண்டும் என 1988-இல் அமெரிக்க அரசு ஆணையிட்டது. 1990-களில் அந்நாட்டின் விமான நிலையங்கள் பலவற்றில் டாப்ளர் ராடார்கள் நிறுவப்பட்டன. விமானத்தின் மூக்கிலிருந்தே முன்னுள்ள காற்றை ஆராயும் ராடார்களும் வந்தன. விமானிகளுக்குத் தரையில் உள்ள பயிற்சிக் கூண்டுகளில் அவ்விபத்துகளின் காற்றையே உண்டாக்கிப் பழக்கினர். அப்பயிற்சியில் ஒரு விதி மாணவருக்கு வியப்பளிக்கும். வீழ்காற்றிற் சிக்கியவுடன் எந்திரத்தை முழு வலிவில் முடுக்கி, மூக்கை உயர்த்த வேண்டும்; ஆனால் கீழே இறக்கிய சக்கரங்களை உள்ளே மடக்கலாகாது. சக்கரம் காற்றைத் தடுக்குமே, மடக்கினால் நன்றன்றோ எனலாம். மடக்கத் தொடங்கினால் அவற்றின் கதவுகள் முதலில் விரியத் திறந்து மேலும் தடுக்கும். மேலும், தரையிற் பட நேரினும் சக்கரம் முதலிற் படுவது நலம். பேரிடரின்போது செய்யும் செயல்களைக் குறைப்பதே நல்லது என்னும் கருத்தும் அதில் அடங்கியுள்ளது.

அமெரிக்காவில் 1994-இல் சார்லட் நகரில் 37 பேரைக் கொன்ற விபத்தே இவ்வகையில் பெரும் பயணி விமானம் ஒன்றுக்கு நேர்ந்த கடைசி விபத்தாக உள்ளது. பிற நாடுகளில் அஃது ஒழியவில்லை. 2012-இல் இஸ்லாமாபாத்துக்கு அருகே இடிமேகத்தினூடே இறங்க முயன்ற விமானம் வீழ்ந்து 127 பேர் இறந்தனர். கருவி எச்சரிப்பது வரைதான் செய்யும். திரும்பிப் போவது விமானியின் கையில் உள்ளது.

திரும்பிப் போவதில்தான் உண்மையான இடர் மறைந்துள்ளது எனலாம். பக்கக் காற்றானாலும், வீழ்காற்றானாலும், இறங்குவதைக் கைவிட்டு மேலெழுவதே எல்லா விமானிகளுக்கும் கற்பிக்கப்பட்ட புகலிடம். மேகமூட்டத்தில் 1000 அடி உயரத்திலும், தெளிந்த வானில் 500 அடி உயரத்திலும் விமானம் உரிய விரைவோடும், உரிய சரிவோடும், எல்லாம் ஒழுங்காக அமைந்தும் வரவேண்டும். இல்லையேல் மேலெழ வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. ஆனால் விமானப் பாதுகாப்பை ஆராயும் பன்னாட்டு அறநிறுவனம் ஒன்று கண்டதாவது: இவ்வாறு ஒழுங்கு குலைந்து வரும் இறக்கங்களில் நூற்றுக்கு மூன்று அளவிலேயே விமானிகள் மேலெழுகின்றனர், ஏனைய 97-இலும் எப்படியேனும் இறங்கிவிடுகின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை நலமாகவே முடிகின்றன. அதுவே கேடு. நலமாக முடிந்த ஒவ்வொரு முறையும், அடுத்த முறையும் அவ்வாறே முடியும் என்னும் நம்பிக்கையை வளர்க்கின்றது.

பயணிகளுக்கும் இதிற் பங்குண்டு. இறங்கும் தறுவாயில் விமானம் உறுமி மேலெழுந்தால் சிலர் அஞ்சுவர். சிலர் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பர். திறமையற்ற விமானி என்று கூறுவோரும் உளர். கடுங்காற்றில் அதிர இறங்கி நின்ற விமானத்திற்குக் கைதட்டுவதும், இறங்காது சென்ற விமானத்தை ஏசுவதும் உலக வழக்கம். வழக்கம் தலைகீழாக இருத்தலே தகும்.

1988 சூலை 11-ஆம் நாள் டென்வர் நகரின் பழைய விமான நிலையத்தில், புதிய ராடாரைச் சோதித்துக்கொண்டிருந்தனர். அன்று பிற்பகல், பாதைக்கு நேரே கடுமையான வீழ்காற்று விழுந்ததை அக்கருவி கண்டது. பயணி விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க வந்துகொண்டிருந்தன. எச்சரிக்கை அறிவிக்கப்பட்டது. அவை அடுத்தடுத்து மேலெழுந்தன. ஒன்று பாதையை அடையுமுன்னரே தரைக்கு மிக அருகில் தாழ்ந்து, பிறகே மீண்டது. ஒன்றும் விழவில்லை. விழாத விமானங்களைப் பற்றி நாளிதழ்கள் மிகுதியாக எழுதுவதில்லை.

மேலெழுந்த விமானம் வானில் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்னும் வினாவுக்கு விடை, அது புறப்பட்ட ஊரிலேயே எழுதப்பட்டுவிடுகின்றது. பன்னாட்டு விதிப்படி, ஜெட் விமானம் சேரும் ஊர்வரை செல்லும் எரிபொருளோடு, அங்கே இறங்க இயலாவிடின் மாற்று நிலையம் ஒன்றுக்குச் செல்ல வேண்டிய எரிபொருளும், அதற்கு மேலும் 30 நிமிடம் வட்டமிடுவதற்கு வேண்டியதும் ஏற்றிக்கொள்ள வேண்டும். வானிலை ஐயத்திற்குரியதாயின் தலைமை விமானி மேலும் கேட்டுப் பெறலாம். எரிபொருளுக்கும் எடை உண்டு. எடையைச் சுமக்கவும் எரிபொருள் செலவாகும். ஆகவே இது வீண் செலவென்று கணக்கர் கருதுவதுண்டு. கையிருப்பு இல்லாத விமானிக்கு மேலெழும் உரிமை பெயரளவிலேயே இருக்கும் என்பதைக் கணக்கேட்டில் எந்தப் பகுதியில் எழுதுவது?

2024 நவம்பர் 30-ஆம் நாள் ‘பெஞ்சல்’ புயல் கரையை நெருங்கியபோது சென்னையில் மழையும் காற்றும் கலந்து அடித்தன. நண்பகலளவில் ஒரு ஏர்பஸ் 320 மீனம்பாக்கத்தில் இறங்க வந்தது. பக்கக் காற்றில் அதன் இறக்கைகள் ஒருபுறமும் மறுபுறமும் சாய்ந்தன. சக்கரங்கள் நனைந்த ஓடுபாதையைத் தொடும் நிலைக்கு வந்தன. யாரோ ஒருவர் எடுத்த அப்படக்காட்சியை நாடெங்கும் பலர் கண்டனர். விமானம் ஒருகணம் தத்தளித்தது, பின்னர் மூக்கு உயர்ந்தது, எந்திரங்கள் முழங்கின, மழைத்திரைக்குள் அது ஏறிச் சென்றது. அன்றே விமான நிலையம் மூடப்பட்டது. சென்னைக்கு வந்துகொண்டிருந்த பிற விமானங்கள் சில, பெங்களூர் முதலிய ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அவ்வளவு தொலைவு செல்ல வேண்டிய எரிபொருளை அவை காலையிலேயே ஏற்றி வந்திருந்தன.